கின்சா: அரசு போட்ட தெரு, கடைக்காரர்கள் வளர்த்த தெரு

டோக்கியோவின் கின்சா கடைத்தெருவுக்கு இவ்வளவு பெயர் எப்படி வந்தது, ஆரம்பத்திலிருந்தே அது பணக்காரர்களின் தெருவாகத்தான் இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில் ஊரின் பெரிய கடைவீதி நிஹொன்பாஷி. கின்சாவிலிருந்து வடக்கே நடந்து போகும் தூரம்தான். பெரிய ஜவுளி வியாபாரிகள், மீன் சந்தை எல்லாம் அங்கே. கின்சாவில் கைவினைஞர்களும் சில்லறை வியாபாரிகளும் இருந்தார்கள், அவ்வளவுதான். பிறகு 1870களில் அரசு அங்கே ஒரு மேற்கத்திய நகரத்தையே கட்டிப் பார்த்தது. கட்டடங்கள் எழுந்தன, ஆட்கள் வரவில்லை. காலியாகக் கிடந்த அந்தக் கட்டடங்களுக்குள் துணிந்து நுழைந்த புது வியாபாரிகளிடமிருந்துதான் இன்றைய கின்சா தொடங்குகிறது. அதன்பிறகு நிலநடுக்கம், போர், வெளிநாட்டு ராணுவம், நிலவிலை உயர்வு என்று எத்தனையோ வந்தும், தெரு எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சில் கடைக்காரர்கள் தங்கள் குரலை விட்டுக்கொடுக்கவில்லை. கின்சாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விலையையும் பிராண்டுகளையும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கடைக்காரர்களின் கதைதான் முக்கியமாகப் படுகிறது. அதனால் அதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பழைய கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பின்னாளில் ஜப்பானை ஆண்ட தளபதி தொக்குகாவா இயெயாசு 1590இல் எடோவுக்கு வந்தபோது இந்தப் பகுதி கடலுக்குள் நீண்டிருந்த தாழ்வான மணல் திட்டு. சுற்றியிருந்த சதுப்பையும் கடலையும் தூர்த்துத்தான் நகரத்தை விரித்தார்கள். 1612இல் வெள்ளி நாணயம் அடிக்கும் சாலையை சும்பு என்ற ஊரிலிருந்து இங்கே மாற்றினார்கள். அந்த நாணயச் சாலைக்கு ஜப்பானியர் சொல்லும் பெயர்தான் கின்சா. 1800இல் நாணயச் சாலையில் நடந்த முறைகேடுகள் வெளிவந்து, அதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெயர் மட்டும் தெருவோடு ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்தின் இரண்டு விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எடோவையும் கியோட்டோவையும் இணைத்த தொக்காய்தோ நெடுஞ்சாலை இந்தத் தெரு வழியாகத்தான் போனது. அதனால் ஊருக்குள் வருகிறவர்களும் ஊரைவிட்டுப் போகிறவர்களும் இதைக் கடந்தே ஆக வேண்டும். இன்னொன்று, நோ என்ற பழைய முகமூடி நாடகத்தை நடத்திய குடும்பங்களுக்கு இங்கே அரசு கொடுத்த மனைகள் இருந்தன. அவற்றில் ஒன்றான கொன்பாரு குடும்பத்தின் பெயரைத் தாங்கி 1863இல் தொடங்கிய பொதுக்குளியல் இல்லம் ஒன்று கின்சாவில் இன்றும் நடக்கிறது. உலகின் மிக விலை உயர்ந்த மனைகளுக்கு நடுவே அக்கம்பக்கத்தார் வெந்நீரில் குளித்துவிட்டுப் போகிற இடம் ஒன்று இன்னும் இருப்பதை நினைத்தாலே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

சரி, 1872க்கு வருவோம். அந்த ஆண்டு வசந்த காலத்தில் அரண்மனை அருகே பிடித்த தீ காற்றில் பரவி, கின்சா, கியோபாஷி, த்சுகிஜி பகுதிகளைச் சாம்பலாக்கியது. எடோவில் தீ புதிதல்ல. மரவீடுகள் நெருக்கமாக நின்ற ஊரில் எரிவதும் திரும்பக் கட்டுவதும் வழக்கம். ஆனால் இந்த முறை ஆட்சி மாறியிருந்தது. தொக்குகாவா ஆட்சி போய், பேரரசர் மெய்ஜியின் அரசு பதவிக்கு வந்து நான்கே ஆண்டுகள். மேற்கத்திய நாடுகள் தங்களைச் சமமாக மதிக்க வேண்டும், அவை திணித்த ஒப்பந்தங்களைத் திருத்த வேண்டும் என்ற தவிப்பு அதற்கு இருந்தது. எரிந்த இடத்தில் தீப்பிடிக்காத செங்கல் நகரம் ஒன்றைக் கட்ட முடிவு செய்தார்கள். நிதித் துறையை நடத்திய இனோவே காவோருவும் டோக்கியோ ஆளுநர் யூரி கிமிமாசாவும் இதில் முன்னின்றார்கள். வரைபடம் போட்டவர் தாமஸ் ஜேம்ஸ் வாட்டர்ஸ் என்ற அயர்லாந்துப் பொறியாளர்.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே 1872இல்தான் ஜப்பானின் முதல் ரயில் பாதை யோக்கோஹாமாவுக்கும் ஷிம்பாஷிக்கும் இடையே திறக்கப்பட்டது. ஷிம்பாஷி நிலையம் கின்சாவின் தெற்கு முனை. கப்பலில் வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர் யோக்கோஹாமாவில் ரயில் ஏறினால், தலைநகரில் அவர் கண்ணில் படும் முதல் தெரு இதுதான். அதனால் அது லண்டன் போலவோ பாரிஸ் போலவோ தெரிய வேண்டும் என்று விரும்பினார்கள்.

முக்கியச் சாலையை ஏறக்குறைய 27 மீட்டர் அகலத்துக்கு விரித்தார்கள். வண்டிகளுக்கு நடுவில் இடம், நடப்பவர்களுக்கு ஓரத்தில் நடைபாதை. வெள்ளைப் பூச்சு பூசிய இரண்டு மாடிச் செங்கல் வீடுகள், முன்பக்கம் தூண்கள் தாங்கிய தாழ்வாரம். 1874 டிசம்பரில் கியோபாஷியிலிருந்து கின்சா வழியாக 85 எரிவாயு விளக்குகள் எரியத் தொடங்கின. திட்டம் 1877இல் நிறைவடைந்தது.

ஆனால் கட்டியதில் குறை இருந்தது. ஜப்பானின் மழைக்கும் ஈரப்பதத்துக்கும் அந்தச் செங்கல் வீடுகள் ஒத்துவரவில்லை. கூரை ஒழுகியது, சுவர் ஓதம் பிடித்தது, வைத்த சரக்கு பூஞ்சை பூத்தது. அந்த வீட்டில் வாழ்ந்தால் உடம்பு வீங்கிச் செத்துப்போவார்கள் என்று வதந்தியும் பரவியது. விலையோ அதிகம். தீக்கு முன் அங்கே வாழ்ந்த எளிய மக்களில் பலரால் அந்த விலை கொடுத்துத் திரும்ப முடியவில்லை. இது வருத்தமான பகுதி. நகரத்தை அழகாக்குகிறோம் என்று தொடங்கும் திட்டங்களில் முதலில் வெளியே போகிறவர்கள் யார் என்பது அன்றும் மாறவில்லை. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. வித்தை காட்டுகிறவர்கள் சிலவற்றை வாடகைக்கு எடுத்துக் காசு வாங்கிக் காட்சி நடத்தினார்கள்.

நடைபாதை ஓரம் வைத்த மரங்களும் பிழைக்கவில்லை. பைன், செர்ரி, மேப்பிள் என்று ஆசையாக நட்டார்கள். தூர்த்த நிலம், தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர். வேர் அழுகிப் பெரும்பாலானவை பட்டுப்போயின. ஈரம் தாங்கும் வில்லோ மரங்களை மாற்றி வைத்தார்கள், அவை பிடித்துக்கொண்டன. பின்னாளில் கின்சாவின் அடையாளமாகவே ஆகிவிட்ட அந்த வில்லோ யாருடைய அழகுத் திட்டத்திலும் இருந்ததில்லை. அந்த மண்ணுக்கு எது ஒத்துவந்ததோ அது நின்றது.

ஆட்களின் கதையும் அப்படித்தான். நிஹொன்பாஷியில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்தவர்களுக்கு இங்கே வரவேண்டிய தேவை இல்லை. வந்தவர்கள் இழக்க எதுவும் இல்லாத புதியவர்கள். அவர்கள் விற்றதும் புதுச் சரக்கு: கடிகாரம், தொப்பி, காலணி, கண்ணாடி, மேற்கத்திய மருந்து, ரொட்டி.

ரொட்டிக்காரரைப் பாருங்கள். கிமுரா யாசுபெய் சாமுராய் வகுப்பைச் சேர்ந்தவர். அந்த வகுப்புக்கே வேலை இல்லாமல் போன காலத்தில், 1869இல், வயதான பிறகு ரொட்டிக்கடை தொடங்கினார். தீயில் கடை போயிற்று. 1874இல் கின்சாவுக்கு வந்தார். ஜப்பானியருக்கு வெறும் ரொட்டியின் புளிப்பும் மணமும் பிடிக்கவில்லை என்று கண்டு, சாகே வடிக்கப் பயன்படும் அரிசி நொதியால் மாவைப் பொங்கவைத்து, உள்ளே இனிப்பான சிவப்புப் பயறு விழுதை வைத்துச் சுட்டார். அதுதான் அன்-பான். 1875 ஏப்ரல் 4ஆம் தேதி மெய்ஜி பேரரசருக்கு அதைப் படைத்தார்கள். உப்பில் ஊறவைத்த செர்ரிப் பூவை மேலே அழுத்தி வைத்த அந்த ரொட்டியைக் கிமுராயா கடை இன்றும் கின்சாவில் விற்கிறது.

கடற்படையில் மருந்தாளராக இருந்த ஃபுகுஹாரா அரினோபு 1872இல் கின்சாவில் ஒரு மேற்கத்திய மருந்துக்கடை திறந்தார். அதன் பெயர் ஷிசெய்தோ. உலகம் முழுக்க அழகுசாதனம் விற்கும் அதே நிறுவனம்தான். 1902இல் அந்த மருந்துக்கடைக்குள்ளேயே சோடாவும் ஐஸ்கிரீமும் விற்கத் தொடங்கினார்கள். அவருடைய மகன் ஃபுகுஹாரா ஷின்சோ புகைப்படக் கலைஞரும்கூட. 1919இல் தொடங்கிய ஷிசெய்தோ ஓவியக்கூடம் ஜப்பானில் இன்றும் இயங்கிவரும் கூடங்களில் மிகப் பழையது. லாபம் மட்டுமே குறி என்றால் இவ்வளவு விலையுள்ள இடத்தில் ஒரு கூடத்தை நூறு ஆண்டுக்கு மேல் யாரும் காப்பாற்ற மாட்டார்கள்.

ஹத்தோரி கிந்தாரோ கின்சா பகுதியிலேயே பிறந்தவர். 1881இல், இருபத்தொரு வயதில், கடிகாரம் விற்கவும் பழுதுபார்க்கவும் ஒரு கடை போட்டார். செய்கோ நிறுவனம் அங்கிருந்து வளர்ந்தது. 1894இல் கின்சாவின் நடு நாற்சந்தி முனையில் ஒரு நாளிதழின் கட்டடத்தை வாங்கி அதன்மேல் மணிக்கூண்டு எழுப்பினார். இன்று நீங்கள் படங்களில் பார்ப்பது அதே முனையில் 1932இல் எழுந்த இரண்டாவது கட்டடம். முத்து வளர்த்த மிக்கிமோத்தோ கோகிச்சி 1899இல் இங்கே கடை திறந்தார்.

நாளிதழ் என்றேன் இல்லையா, அதையும் சொல்ல வேண்டும். காலிச் செங்கல் வீடுகளை முதலில் எடுத்துக்கொண்டவர்களில் பத்திரிகைக்காரர்கள் முக்கியமானவர்கள். யோமியுரி, தோக்யோ நிச்சிநிச்சி, சோயா, பிறகு ஆசாஹி என்று வரிசையாக வந்தார்கள். அரசு அலுவலகங்கள் பக்கம், வெளிநாட்டுச் செய்தி வந்து இறங்கும் ஷிம்பாஷி ரயில் நிலையம் அதைவிடப் பக்கம். பத்திரிகை வந்தால் எழுத்தாளர், ஓவியர், விளம்பரக்காரர், அச்சுக்கூடம் எல்லாம் கூடவே வரும். கின்சாவில் எது புதிதாக வந்தாலும் மறுநாள் நாடே அறிந்துகொண்டதற்கு இது பெரிய காரணம். 1882 நவம்பரில் தெருவில் மின் வில்விளக்கு ஒன்றை ஏற்றிக் காட்டியபோது அதைப் பார்க்கவே கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள்.

இனி, என்னைப் பொறுத்தவரை கின்சாவின் வரலாற்றில் மிகச் சுவையான பகுதி: மக்கள் எப்படிக் கடைக்குள் நுழைந்தார்கள் என்பது. எடோ காலத்துப் பெரிய கடையில் வாடிக்கையாளர் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறி, தத்தாமிப் பாயில் உட்கார வேண்டும். பணியாள் வந்து என்ன வேண்டும் என்று கேட்பார். உள்ளே போய்ச் சரக்கை எடுத்து வந்து விரிப்பார். சும்மா பார்த்துவிட்டு எழுந்து போவது அவ்வளவு சுலபமல்ல. 1877இல் உவேனோவில் நடந்த தொழில் கண்காட்சியில் மீந்த பொருள்களை விற்க, மறு ஆண்டு டோக்கியோவில் கன்கோபா என்ற புதுவகை அங்காடி தொடங்கியது. ஒரே கூரையின்கீழ் பல சிறு கடைகள், சரக்கெல்லாம் கண்ணெதிரே, ஒவ்வொன்றுக்கும் எழுதி ஒட்டிய விலை. செருப்போடு நுழையலாம், ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியே வரலாம். வாங்காவிட்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இந்த அங்காடிகள் கின்சாவில் வரிசையாக முளைத்தன. ஷிம்பாஷி முனையில் 1899இல் தொடங்கிய ஹகுஹின்கான் அவற்றில் பெயர் பெற்றது. அதே பெயரில் அதே இடத்தில் இப்போது பெரிய பொம்மைக் கடை இருக்கிறது.

வாங்காமலே பார்க்கலாம் என்று ஆனபிறகு தெருவில் நடப்பதே ஒரு பொழுதுபோக்கு ஆனது. அகலமான நடைபாதை, கண்ணாடிக்குள் அடுக்கிய சரக்கு, மாலையில் விளக்கு. கையில் காசில்லாத மாணவனும் கின்சாவில் ஒரு சுற்றுச் சுற்றிவரலாம். அவனுக்கு உட்கார ஓர் இடமும் 1911இல் கிடைத்தது. அந்த ஒரே ஆண்டில் பிரேந்தான், லயன், பவுலிஸ்தா என்று மூன்று கஃபேக்கள் திறந்தன. பிரேந்தான் ஓவியர்கள், எழுத்தாளர்கள் கூடும் இடம். பவுலிஸ்தாவின் பின்னணி வேறு. அதைத் தொடங்கிய மிசுனோ ரியோ, 1908இல் கசாத்தோ மாரு கப்பலில் முதல் ஜப்பானியக் குடியேறிகளைப் பிரேசிலின் காபித் தோட்டங்களுக்கு அழைத்துப்போனவர். அதற்குக் கைம்மாறாகவும், ஜப்பானில் காபிக்குச் சந்தை பிடிக்கவும் சாவோ பாவுலோ மாநில அரசு அவருக்குக் காபிக்கொட்டையை இலவசமாகக் கொடுத்தது. அதனால் ஒரு கோப்பை 5 சென்னுக்கு (100 சென் ஒரு யென்) அவரால் விற்க முடிந்தது. தோட்டத்தில் அந்தக் குடியேறிகள் பட்ட பாடு பெரிது. அவர்களின் உழைப்பின் மறுமுனை கின்சாவின் மேசையில் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1919இல் கியோபாஷிக்கும் ஷிம்பாஷிக்கும் இடையே கடை வைத்திருந்தவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்றைய கின்சா தெருச் சங்கத்தின் தொடக்கம் அதுதான். நான்கே ஆண்டில் அதற்குப் பெரிய சோதனை வந்தது. 1923 செப்டம்பர் 1, நண்பகலுக்குச் சற்று முன், பெரும் நிலநடுக்கம். டோக்கியோ, யோக்கோஹாமா பகுதிகளில் ஒரு லட்சத்துக்கு மேல் உயிரிழப்பு. பெரும்பாலோர் தீயில் இறந்தார்கள். தீப்பிடிக்காதது என்று கட்டிய கின்சாவின் செங்கல் நகரமும் அன்று முடிந்துபோனது.

இடிந்த செங்கற்களில் ஒரு பகுதி எங்கே போனது தெரியுமா? நகரின் தெற்கே தொகோஷி என்ற பகுதியில் மழை பெய்தால் சேறாகிவிடும் ஒரு தெரு இருந்தது. அந்தக் கடைக்காரர்கள் கின்சாவின் செங்கற்களை வாங்கிவந்து தெருவில் பரப்பினார்கள். நன்றியாகவும் ஆசையாகவும் தங்கள் தெருவுக்குத் தொகோஷி கின்சா என்று பெயர் வைத்தார்கள். இன்று அது 1.3 கிலோமீட்டர் நீளமுள்ள, காய்கறியும் பொரித்த பண்டங்களும் விற்கும் உயிர்ப்பான கடைத்தெரு. அதற்குப் பிறகு நாடு முழுக்க நூற்றுக்கணக்கான சிறு கடைத்தெருக்கள் கின்சா என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டன. அரசு கௌரவத்துக்காகச் சுட்ட செங்கல், சாதாரண மக்கள் கால் நனையாமல் நடக்கப் பயன்பட்டது. மொத்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கின்சாவில் தகரமும் பலகையும் அடித்துக் கடைகள் வெகு சீக்கிரம் திரும்பின. இம்முறை பெரிய மீன்களும் வந்தன. மத்சுசகாயா 1924இலும், மத்சுயா 1925இலும், மித்சுகோஷி 1930இலும் இங்கே பல்பொருள் அங்காடிகளைத் திறந்தன. காலணியைக் கழற்றாமலே உள்ளே வாருங்கள் என்று சொன்னது மத்சுசகாயா. சிறு கடைக்காரர்களுக்குப் பயம் இருந்தது. ஆனால் அங்காடிகள் இழுத்துவந்த கூட்டம் அவர்களுக்கும் பிழைப்புக் கொடுத்தது. மாலையில் நடைபாதை ஓரம் விரிக்கும் இரவுக்கடைகள் வேறு. பெரிய அங்காடி, தலைமுறைக் கடை, தரைக்கடை மூன்றும் ஒரே நடைபாதையில் இருந்த அந்தக் காலத்தைத்தான் கின்சாவின் மிக நல்ல காலம் என்று நான் சொல்வேன்.

நவீனமான தெரு என்றால் எல்லாரும் மேற்கத்திய உடையில் இருந்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். 1925இல் அன்றாட வாழ்க்கையை ஆராய்ந்த கோன் வாஜிரோவும் நண்பர்களும் கின்சாவில் நின்று நடப்பவர்களின் உடையைக் கணக்கெடுத்தார்கள். ஆண்களில் 67 சதவீதம் மேற்கத்திய உடை, பெண்களில் 1 சதவீதம்தான். குட்டை முடி வைத்த நவநாகரிகப் பெண்ணைப் பற்றிப் பத்திரிகைகள் எவ்வளவோ எழுதின. தெருவில் நடந்த பெண்களோ கிமோனோவில்தான் இருந்தார்கள். 1934இல் சுரங்க ரயில் கின்சாவுக்கு வந்தது. அந்தப் பாதைக்கே இப்போது கின்சா பாதை என்று பெயர்.

போர்க்காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1940இல் ஆடம்பரப் பொருள்களின் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் அரசு தடை போட்டது. ‘ஆடம்பரமே எதிரி’ என்ற பலகைகள் ஊரெங்கும் நின்றன. பெண்கள் அமைப்பினர் கின்சா முனைகளில் நின்று, முடியைச் சுருட்டியிருந்த பெண்களிடமும் பளிச்சென்று உடுத்தியவர்களிடமும் எச்சரிக்கைச் சீட்டுக் கொடுத்தார்கள். ஒரு கடைத்தெருவுக்கு இதைவிடப் பெரிய தண்டனை ஏது? 1945 ஜனவரி 27 அன்று பட்டப்பகலில் கின்சா, யூராகுச்சோ பகுதியில் குண்டு விழுந்து ஏராளமானோர் இறந்தார்கள். அடுத்தடுத்த தாக்குதல்களில் தெருவின் பெரும்பகுதி அழிந்தது. மணிக்கூண்டுக் கட்டடம் தப்பியது.

ஜப்பான் போரில் தோற்றதும், தப்பிய நல்ல கட்டடங்களை அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டது. ஹத்தோரி கட்டடமும் மத்சுயாவும் 1952 வரை அவர்களுடைய சிப்பாய்களுக்கான கடைகள். ஜப்பானியர் உள்ளே போக முடியாது. வெளியே நடைபாதையில் தரைக்கடைகள் விரிந்தன. போரில் கணவனை இழந்தவர்கள், நாடு திரும்பிய வீரர்கள் என்று பலரும் அதில் பிழைத்தார்கள். ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் உத்தரவால் 1951 முடிவோடு அந்தக் கடைகளும் எடுக்கப்பட்டன.

கின்சாவின் நில அமைப்பே மாறியதும் அப்போதுதான். அதுவரை கின்சா நான்கு பக்கமும் கால்வாய் சூழ்ந்த இடம். போரில் இடிந்த கட்டடக் குப்பையைக் கொட்ட இடமில்லாமல் கிழக்கே இருந்த சான்ஜிக்கென்போரி கால்வாயைத் தூர்த்தார்கள். மற்ற மூன்று பக்கங்களிலும் இருந்த தண்ணீர்மேல் மேம்பாலச் சாலை வந்தது. 1959இலிருந்து பகுதி பகுதியாகத் திறந்த இந்த 2 கிலோமீட்டர் சாலையின் வரவுசெலவு ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. சாலைக்கு அடியில் கடைகளைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். அந்த வாடகையில் சாலையைப் பராமரித்து, வண்டிகளிடம் கட்டணமே வாங்கவில்லை. ஆனாலும் ஒரு தீவு தன் தண்ணீரை இழந்தது இழந்ததுதான்.

இந்தக் காலத்தில் வந்த ஒரு சிறு கடையை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். திருவிதாங்கூரில் பிறந்து, ஜப்பானில் படித்து, ராஷ் பிகாரி போசுடன் இந்திய விடுதலைக்கு உழைத்த ஏ. எம். நாயர் 1949இல் கின்சாவின் கிழக்குப் பக்கம் ஓர் இந்திய உணவகம் திறந்தார். அது இன்னும் நடக்கிறது.

1967 டிசம்பரில் தெருவின் நடுவே ஓடிய டிராம் நின்றது. தண்டவாளத்துக்கு இடையே பதித்திருந்த கருங்கல் பலகைகளை வீணாக்காமல் நடைபாதையில் பதித்தார்கள். 1932இல் திரும்ப நட்ட வில்லோ மரங்கள் அந்த வேலையில் போய்விட்டன. இப்போது அவற்றைப் பக்கத்துத் தெருக்களில்தான் பார்க்கலாம். 1970 ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை, கின்சா உள்ளிட்ட நான்கு பகுதிகளில் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சாலை முழுவதையும் நடப்பவர்களுக்குத் திறந்தார்கள். அந்த ஆண்டு ஜப்பானில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 16,765 பேர். நாட்டின் வரலாற்றில் அதுவே உச்சம். நகரம் வாகனப் புகையில் திணறிக்கொண்டிருந்தது. அதனால் இது ஏதோ திருவிழா ஏற்பாடாக வரவில்லை, உயிருக்குப் பயந்து வந்தது. வந்ததை மக்கள் திருவிழாவாக்கிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 20 அன்று மித்சுகோஷியின் தரைத்தளத்தில் ஜப்பானின் முதல் மெக்டொனால்ட்ஸ் திறந்தது. அங்காடியின் விடுமுறை நாளைப் பயன்படுத்தி 39 மணி நேரத்தில் கடையைக் கட்டி முடித்தார்கள் என்பார்கள். சாலையில் நின்றபடி சாப்பிடுவது அதுவரை நாகரிகக் குறைவு. ஒரு கோடையில் அது வழக்கமாகிவிட்டது.

அப்புறம் நிலவிலை. 1663இல் கியோட்டோவில் தொடங்கிய கியூக்கியோதோ என்ற தாள், ஊதுபத்திக் கடை 1880இலிருந்து இங்கே கிளை வைத்திருக்கிறது. அந்தக் கடை முன்னுள்ள மனைக்குத்தான் 1986 முதல் ஆண்டுதோறும் ஜப்பானிலேயே உயர்ந்த வரி மதிப்பு. 1992இல் ஒரு சதுர மீட்டர் 3.65 கோடி யென். 1980களில் அளவுக்கு மீறி ஊதிய நிலவிலைக் குமிழி உடைந்து விலை சரிந்தது. 2017இல் 4.032 கோடியைத் தொட்டு அந்த உச்சத்தையும் தாண்டியது. இந்த விலையில் உயரமான கோபுரம் கட்டாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

கின்சா கட்டவில்லை. நிலநடுக்கம் கருதி ஜப்பானில் கட்டட உயரம் நீண்ட காலம் 31 மீட்டருக்குள் இருந்தது. 1963க்குப் பிறகு உயரத்துக்குப் பதிலாக மொத்தத் தளப்பரப்புக்கு வரம்பு வந்தது. கின்சாவின் பழைய கட்டடங்கள் பலவும் அந்தப் புது வரம்பைவிட அதிகத் தளப்பரப்பு கொண்டவை. இடித்துக் கட்டினால் இடம் குறைந்துவிடும். அதனால் யாரும் புதுப்பிக்கவில்லை, கட்டடங்கள் வயதாகிக்கொண்டே போயின. 1998இல் கடைக்காரர்களும் கின்சா அடங்கிய ச்சுவோ வட்டாட்சியும் பேசி ஒரு தீர்வுக்கு வந்தார்கள். அதிகத் தளப்பரப்பு தருகிறோம், ஆனால் உயரம் 56 மீட்டரைத் தாண்டக்கூடாது.

2002இல் நடுவண் அரசு நகரப் புத்தாக்கத்துக்கென்று கொண்டுவந்த சட்டம் இப்படிப்பட்ட உள்ளூர் வரம்புகளைத் தாண்ட வழி கொடுத்தது. மத்சுசகாயா இருந்த இடத்தில் அந்த உயரத்தை வெகுவாக மிஞ்சும் கோபுரம் கட்டும் யோசனை எழுந்தது. முதலீட்டுக்காரர்களுக்கு அது லாபம். அக்கம்பக்கத்து மனைக்காரர்களுக்கும் விலை ஏறும். இருந்தும் சங்கங்கள் ஒன்றுகூடிப் பேசி எதிர்த்தன. கின்சாவில் வானம் தெரிய வேண்டும், ஒரே கட்டடம் கூட்டத்தையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டால் தெருவில் நடப்பவர் குறைவார்கள் என்பது அவர்கள் வாதம். இரண்டாவது வாதம் மிகச் சரியானது. நடப்பவர்களால் உருவான தெரு அது. 2006இல் விதியை இறுக்கினார்கள். கிழக்கே ஷோவா சாலைக்கு அப்பால் தவிர மற்ற இடங்களில் 56 மீட்டருக்கு விலக்கு இல்லை. அதே ஆண்டு, புதுக் கட்டடமோ பெரிய விளம்பரப் பலகையோ வைப்பவர்கள் முன்கூட்டியே வந்து பேச வேண்டிய வடிவமைப்புக் குழுவும் அமைந்தது. கபுகி-சா என்ற நாடக அரங்கை ஒட்டிய 145 மீட்டர் உயரக் கோபுரம் அந்தச் சாலைக்குக் கிழக்கே நிற்பதற்குக் காரணம் இந்த விதிதான். மத்சுசகாயா மனையில் 2017இல் திறந்த கின்சா சிக்ஸ் 56 மீட்டரோடு நின்றுவிட்டது. அதன் நிலவறையில் கன்சே குடும்பத்தின் நோ நாடக அரங்கு வந்திருக்கிறது. எடோ காலத்தில் கின்சாவில் மனை பெற்றிருந்த அதே நோ மரபு.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். முனைக் கடைகளில் பெரும்பாலானவை இப்போது ஐரோப்பிய நிறுவனங்களின் கையில். அமெரிக்காவுக்கு வெளியே ஆப்பிளின் முதல் கடை 2003இல் இங்கேதான் திறந்தது. பிறகு மலிவு விலைத் துணிக்கடைகளும், சுற்றுலாப் பேருந்துகளும் வந்தன. வாடகை ஏறியதில் தலைமுறைக் கடைகள் பல மேல்மாடிக்கோ பின்சந்துக்கோ போயின, சில மூடிவிட்டன. உயரத்தைத் தடுக்க முடிந்த சங்கத்தால் வாடகையைத் தடுக்க முடியவில்லை. தெருவின் உருவத்தைக் காப்பாற்றுவது வேறு, அதில் யார் கடை வைக்கலாம் என்பது வேறு. இரண்டாவதற்குக் கின்சாவிடமும் விடை இல்லை என்றே நினைக்கிறேன்.

2025 ஏப்ரலில் அந்தக் கட்டணமில்லா மேம்பாலச் சாலையை வண்டிகளுக்கு மூடிவிட்டார்கள். நடப்பவர்களுக்கான உயர்நடைபாதையாக, செடிகளோடு, அதை மாற்றுவது திட்டம். நீங்கள் டோக்கியோ போவதாக இருந்தால் சனி, ஞாயிறு அல்லது விடுமுறை நாளில் நண்பகலுக்குப் பிறகு கின்சாவுக்குப் போங்கள். மாலை 5 அல்லது 6 மணி வரை சாலை நடப்பவர்களுக்குத்தான். கியோபாஷி முனையில் செங்கல் நகரத்தின் நினைவாக எரிவாயு விளக்கும் கொஞ்சம் செங்கல் தரையும் வைத்திருக்கிறார்கள். அங்கே தொடங்கித் தெற்கே நடந்தால் மத்சுயா, மிக்கிமோத்தோ, கிமுராயா, மணிக்கூண்டு, கியூக்கியோதோ, கின்சா சிக்ஸ், ஷிசெய்தோ, கடைசியில் ஹகுஹின்கான் என்று ஒரு கிலோமீட்டர் சொச்சத்தில் மொத்த வரலாறும் வரிசையாக வரும். மறுநாள் தொகோஷிக்கும் போய் வாருங்கள். சாப்பாடு அங்கேதான் மலிவு.